ரெண்டாவது வருஷத்து ஸ்கேன்

அந்தக் கவரை மேல வெக்காதீங்க அம்மணி. லக்கேஜோட சேர்ந்தா வளைஞ்சு போயிரும். வளைஞ்ச படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தா டாக்டருங்க மூஞ்சியைச் சுழிப்பாங்க. மடியிலயே வெச்சுக்குங்க. நான் வேணும்னா இந்தப் பக்கம் நகந்துக்கறேன்.

வயித்து ஸ்கேன்தானுங்களே அது? எட்டிப் பார்த்தேன்னு நினைக்காதீங்க. எனக்கு இங்கிலீசு படிக்க வராது. ஆனா அந்தக் கவர் மேல இருக்கற எழுத்தோட உருவம் தெரியும். எங்க ஊட்டுல இதே மாதிரி கவர் பீரோ மேல அடுக்கி வெச்சிருந்தோம். வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்குதுன்னு சொன்னாங்களா? யாருக்கு? முன்னால சன்னலோரமா துண்டு போத்திட்டு உக்காந்திருக்காரே, அவருக்கா? உங்க அப்பாவா?

மாமனாரா. ஓ.

உங்களைத் துணைக்கு அனுப்பி வெச்சாங்களாக்கும். சரி சரி. உங்க மாமியாருக்கு முட்டி வலியா. அதுவும் சரிதான்.

தொடையில ரெண்டு ஓட்டை போட்டு உள்ள ஒரு குழாயை விட்டுரலாம், நாலாம் நாள் ஊட்டுக்குப் போயிரலாம்னு சொல்லியிருப்பாங்களே. சொன்னாங்களா? எங்களுக்கும் அதேதான் சொன்னாங்க. பயப்படுத்தறதுக்காகச் சொல்லலீங்க. இப்பத்தான் குண்டடம் தாண்டியிருக்குது, சிங்காநல்லூர் போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். கேட்டுக்குங்க. அப்பறம் உங்க இஷ்டம்.

என்ற ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பன். கவர்மெண்டு பஸ் டிரைவரு. தாராபுரம் டிப்போவுல முப்பத்தொரு வருஷம் ஓட்டுனாரு. ஒரு ஆக்சிடெண்டு கெடையாது. ஒரு கோழி அடிபட்டதில்ல. டிப்போவுல பாராட்டி ஒரு கெடியாரம் கொடுத்தாங்க, இன்னும் ஓடுது. குடி இல்ல. பீடி மட்டும். நாளைக்கு ரெண்டு கட்டு. டிரைவருக்குத் தூக்கம் வராம இருக்கோணுமில்லீங்க, அதுக்குன்னு பழகினது.

நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் விலாவுல வலின்னாரு. கல்லு இருக்கும்னு தாராபுரத்துலயே ஸ்கேன் எடுத்தோம். எடுத்த பொண்ணு கருவியை வயித்து மேல வெச்சு வெச்சு அழுத்தறா. அப்பறம் உள்ள போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா. அவரு சொன்னாரு, "கல்லு சின்னதுங்க, தானாப் போயிரும். ஆனா வேற ஒண்ணு இருக்குது. இதயத்துலருந்து வயித்துக்கு வர்ற பெரிய குழாய் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கோணும். உங்களுக்கு ஆறு தாண்டிருச்சு. வெடிச்சா ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவரு சாதாரணமா எந்திரிச்சு சட்டையை மாட்டுனாரு. "டயர் புடைச்சுப் பல்ஜ் விட்டிருக்குது, அதானுங்களே டாக்டர்?" அப்படின்னாரு. டாக்டரே சிரிச்சுட்டாரு. "அதேதாங்க." "அப்ப டயரை மாத்தோணும். அதோட வண்டியை எடுக்கப்படாது." அவ்வளவுதான் அவரு பேசினது. வெளிய வந்து ஒரு டீயைக் குடிச்சாரு, பீடிக்கட்டைக் குப்பையில போட்டாரு. அன்னைக்கு விட்டவருதான்.

எங்களுக்கு ஒரே பையன். நவநீதன். கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில வேலை. இந்த இடத்துல உங்களுக்கு இன்னொண்ணும் சொல்லோணும், இல்லைன்னா கதை புரியாது. அவன் அதுக்கு ஒரு வருஷம் முன்னாலதான் கல்யாணம் பண்ணியிருந்தான். ரிஜிஸ்டர் ஆபீசுல. எங்க ஆளுக இல்ல, எங்க சாமியும் இல்ல. தெக்கத்திப் பக்கத்துப் பொண்ணு, ஆஸ்பத்திரியில நர்சு. பேரு சொல்ல எனக்கு வாய் வராது, அந்தப் புள்ளைன்னே சொல்றேன். நான் போகலீங்க. அவரு போனாரு. எங்கிட்ட சூலூர்ல ஒரு பழைய கண்டக்டரைப் பார்க்கப் போறேன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. போட்டோவுல மாலையோட நிக்கறதை நான் வேற ஒருத்தர் செல்போனுல பார்த்தேன். முப்பத்தஞ்சு வருஷத்துல அவரு எங்கிட்டச் சொன்ன ஒரே பொய் அது. பொய்னு ஒண்ணு எங்க ஊட்டுக்குள்ள நுழைஞ்சதே அவளாலதான்.

நவநீதன் ஊட்டுக்கு வருவான், தனியா. அவளைக் கூட்டிட்டு வரப்படாதுன்னு சொல்லியிருந்தேன். நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்ல. ஆனா எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குதில்லீங்க.

இப்ப இந்த வியாதின்னதும் பையன் வந்து நிக்கறான். "அம்மா, அவ வேலை பார்க்கற ஆஸ்பத்திரியிலயே இதுக்குன்னு டாக்டர் இருக்காரு. அப்பாவை அங்க காட்டலாம்." நான் வேற எங்கயாச்சும் போலாம்னேன். ஈரோட்டுல கேட்டோம், திருப்பூர்ல கேட்டோம், எல்லாரும் கோயமுத்தூருக்கே போங்கன்னாங்க. கடைசியில அவ இருக்கற எடத்துக்கே போய் நிக்க வேண்டியதாப் போச்சு.

டாக்டரு சின்ன வயசு. ஆனா பொறுமை. ஒரு பேப்பரை எடுத்துப் படம் வரைஞ்சாரு. "ஐயா, ரெண்டு வழி இருக்குது. வயித்தைத் திறந்து கெட்ட இடத்தை மாத்தித் தைக்கறது ஒண்ணு. அது உடம்புக்குப் பெரிய அடி. ஆனா தாண்டிட்டா பெரும்பாலும் அதோட சரி. இன்னொண்ணு, தொடை வழியா ஒரு ஸ்டென்டைக் கொண்டுபோய் உள்ள விரிச்சு விடறது. துணி போர்த்தின கம்பிக்கூடு மாதிரி இருக்கும். வலி கம்மி, சீக்கிரம் நடக்கலாம். உங்க நுரையீரல் பீடியில கெட்டுப் போயிருக்கறதனால எனக்கும் இதுதான் நல்லதுன்னு படுது. ஆனா ஒண்ணு. அது உள்ள நகரலாம். ஓரத்துல ரத்தம் கசியலாம். அப்படிக் கசிஞ்சா உங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால உசுரு இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கோணும். வர முடியும்னா மட்டும் சொல்லுங்க, போடறேன்."

என்ற ஊட்டுக்காரரு வர்றேன்னாரு. என்னையும் பார்த்தாரு டாக்டரு. நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில தலையாட்டாம வேற என்ன பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க.

சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாரு. ஆனா நாளைக்கு ஆபரேஷன்னு இருக்கறப்ப சொன்னா காதுல எது விழும்?

ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. மூணு மணி நேரம். மறுநாளே எந்திரிச்சு நடந்தாரு. தொடையில ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். நாலு நாளும் அந்தப் புள்ளைதான் ஓடியாடிட்டு இருந்தா. தன் டூட்டியும் பார்த்துட்டு, இங்கயும் வந்து, மாத்திரை, ஊசி, காப்பி. எங்கிட்ட வந்து, "அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேப்பா. நான் சாப்பிட்டாச்சுன்னுருவேன். எல்லாரும் பார்க்கறாப்பல கேப்பா, அதுதான் எனக்குப் புடிக்காது. அத்தைன்னு கூப்பிடச் சொல்லி நான் சொன்னனா?

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தா. தேதி தேதியா எழுதி. ஒரு மாசத்துல ஸ்கேன், ஆறாம் மாசம் ஸ்கேன், ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம். பத்து வருஷம் வரைக்கும் எழுதியிருந்தா. அவரு அதை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுட்டாரு, டூட்டிச் சீட்டு மாதிரி.

மொத மாசம் போனோம். சின்னக் கசிவு இருக்குதுன்னாங்க. பின்னால ஏதோ சின்னக் கிளையிலருந்து வருதாம், தானா அடைஞ்சுரும், பார்த்துக்கிட்டா போதும்னாங்க. அப்பவே அடைச்சிருக்கலாமில்லீங்க? ஆறாம் மாசம் பார்த்தப்ப நின்னுருச்சுன்னாங்க. ஒரு வருஷத்துல வீக்கமே கொஞ்சம் சுருங்கிருச்சுன்னாங்க. டாக்டரு கை கொடுத்தாரு. அவரு சந்தோசமா வெளிய வந்து, "தமயந்தி, இனி நூறு வருஷம் ஓடும்"ன்னாரு. சரியாப் போச்சுன்னுதானே அதுக்கு அர்த்தம்? யாரா இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்குவாங்க?

அந்த வருஷம்தான் நவநீதன் மஸ்கட்டுக்குப் போனான். கம்பெனியில ஒரு வருஷம் அங்க அனுப்பி வெச்சாங்க. இங்க அவ மட்டும். என்ற ஊட்டுக்காரருக்கு எஞ்சின் சத்தத்துல காது மந்தம், போன்ல பேசுனா வெளங்காது. அதனால போன் எப்பவும் எங்கிட்டத்தான் இருக்கும்.

ரெண்டாவது வருஷம் ஆடி மாசம் ஒரு நாள் போன் வருது. "அத்தை, நான் ஜெமிமா பேசறேன். மாமாவுக்கு வர்ற பதினாலாம் தேதி ஸ்கேன். நானே டோக்கன் போட்டு வெச்சிருக்கேன். காலைல வெறும் வயித்துல வந்தாப் போதும்."

கேட்டீங்களா? அவளே தேதி பார்க்கறா, அவளே டோக்கன் போடறா. நாங்க கெளம்பி வந்தாப் போதுமாம். என்ற புருஷன் எப்ப எங்க போகோணும்னு அவ முடிவு பண்றா. பதினாலாம் தேதி எங்க அண்ணன் ஊட்டுல சீரு வேற. பார்க்கலாம்னு சொல்லி வெச்சுட்டேன்.

அவருகிட்டச் சொன்னேன். என்ன சொன்னேன்னா, "நல்லாத்தானே இருக்கீங்க. இந்த வருஷம் வேணும்னா அவங்களே கூப்புடுவாங்க"ன்னேன். பொய் ஒண்ணும் இல்லையே அது. அவரு நோட்டை எடுத்துப் பார்த்தாரு. "இதுல போட்டிருக்குதே"ன்னாரு. "அது முன்கூட்டியே போட்டது. ஸ்கேனுக்குன்னு ரத்தத்துல ஒரு மருந்து ஏத்தறாங்களே, அதை ஏத்தி ஏத்தி எடுத்தா கிட்னி போயிருமாமா. எதிர் ஊட்டு வாத்தியாரு சொன்னாரு"ன்னேன். அவரு நான் சொன்னா கேப்பாரு. எப்பவும் கேப்பாரு. ஊட்டு விசயம் பூரா நான் சொல்றதுதான்.

அவ விட்டாளா? பதினாலாம் தேதி போகலைன்னதும் மறுநாளே போன். அப்பறம் ஆவணியில ரெண்டு தடவை. ஆஸ்பத்திரியிலருந்து ஒரு தபாலும் வந்துச்சு. அதைப் பீரோவுல சேலைக்கு அடியில வெச்சேன். மறைக்கறதுக்கில்ல, பத்திரமா இருக்கட்டும்னு. அவ மஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கா. ஞாயித்துக்கிழமை பையன் கூப்பிட்டான். "அம்மா, அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கலையாமா?" நானும் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கறது. "இங்கயே தாராபுரத்துல எடுத்துட்டோம் சாமி. எல்லாம் நல்லா இருக்குதுன்னுட்டாங்க. அவகிட்டச் சொல்லு, நச்சரிக்க வேண்டாம்னு." அப்படிச் சொல்லிப்போட்டேன். அவன் நம்பிட்டான். பெத்தவளை நம்பறதுதானே மொறை.

நீங்க என்னை இப்படிப் பார்க்க வேண்டாம் அம்மணி. எடுக்கோணும்னுதான் இருந்தேன். புரட்டாசி போகட்டும், அப்பறம் நாங்களா ஒரு நாள் போய் எடுத்துக்கலாம், அவ சொன்ன தேதியில வேண்டாம், அவ்வளவுதான் என்ற நெனப்பு.

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கெழமை, மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். அவரு பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாரு. கேட்டுல யாரோ தட்டறாங்கன்னு போனா, அவ நிக்கறா. தாராபுரத்துல, எங்க ஊட்டு வாசல்ல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, அழுதுட்டு வந்தவளாட்டம். நான் நடிப்புன்னு நினைச்சேன். ராத்திரி டூட்டி முடிச்சுத் தூங்காம நேரா பஸ் ஏறி வந்தாளாம். பின்னால பையன் சொன்னான்.

நான் கேட்டைத் திறக்கலீங்க. கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ.

"அத்தை, எடுத்த ஸ்கேனைக் கொடுங்க. நான் டாக்டர்கிட்டக் காட்டிட்டு அடுத்த வாரமே கொண்டு வந்து கொடுத்துடறேன்."

"அதெல்லாம் நல்லா இருக்குதுன்னுட்டாங்க."

"சரிங்க அத்தை. சும்மா ரிப்போர்ட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன். பழைய அளவும் புது அளவும் பார்க்கணும். எந்த இடத்துல எடுத்தீங்க?"

"உனக்கு எதுக்குக் கணக்குச் சொல்லோணும்?"

அவ ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சா. அப்பறம் சொன்னா, "அத்தை, எம்மேல இருக்கற கோபத்தை எம்மேலயே வெச்சுக்குங்க. மாமாவை மட்டும் ஒரு தடவை அனுப்புங்க. நான் அன்னைக்கு லீவு போட்டுடறேன். ஆஸ்பத்திரியில என்னைப் பார்க்கவே வேண்டாம்."

பார்த்தீங்களா, எப்படிப் பேசறான்னு. நான் ஏதோ கெட்டவளாட்டம். "சரி, சொல்றேன், போ"ன்னு தாட்டி விட்டேன். தண்ணி கொடுத்தனான்னு கேப்பீங்க. கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். கேக்கலையே அவ.

அவரு கோயில்லருந்து வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. எதுக்கு வீணா ஒரு பேச்சு.

ஐப்பசி கடைசியில இருந்து முதுகு வலின்னாரு. இடுப்புக்கு மேல, உள்ளுக்குள்ள. முப்பத்தொரு வருஷம் சீட்டுல உக்காந்தவருக்கு முதுகு வலிக்காம என்ன பண்ணும்? தைலம் தேச்சு விட்டேன். வெந்நி ஒத்தடம் கொடுத்தேன். மூணு வாரம் இருந்துச்சு. ஒரு நாள் அவரே கேட்டாரு, "ஏ தமயந்தி, ஒரு எட்டு கோயமுத்தூர் போய்ட்டு வந்துரலாமா?" "பொங்கல் போகட்டும்"ன்னேன்.

கார்த்திகையில ஒரு வெள்ளிக்கெழமை காலைல, பத்து மணி. குளிச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு, அப்படியே வயித்தைப் புடிச்சுட்டு முன்னால சாஞ்சாரு. மூஞ்சி வெள்ளைத் துணியாட்டம் ஆயிருச்சு. வேர்வைன்னா அப்படி ஒரு வேர்வை. "டயர் போயிருச்சு"ன்னாரு. அது மட்டும்தான் சொன்னாரு.

எதிர் ஊட்டு வாத்தியாரு நூத்தியெட்டுக்குச் சொன்னாரு. நான் போனைக் கையில வெச்சுட்டு நிக்கறேன். பையன் மஸ்கட்டுல. யாரைக் கூப்பிடறது? அவளைத்தான் கூப்பிட்டேன். வேற யாரு நம்பர் இருந்துச்சு எங்கிட்ட? வாயைத் திறக்கறதுக்குள்ள புரிஞ்சுட்டா. "அத்தை, ஆம்புலன்ஸ்காரர்கிட்ட போனைக் கொடுங்க"ன்னா. அந்த ஆளுகிட்ட என்னமோ நாலு கேள்வி கேட்டா. ஆம்புலன்ஸ் எங்கயும் நிக்காம நேரா கோயமுத்தூரு. நாங்க போய் எறங்கறப்ப வாசல்ல அவ நிக்கறா, பக்கத்துல டாக்டரு, ஸ்ட்ரெச்சரு, ரத்தம் எல்லாம் தயாரா இருக்குது. எறக்கின கையோட நேரா தியேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க.

மேல ஒட்டிட்டு இருந்த ஸ்டென்ட் வழுக்கிக் கீழ எறங்கிருச்சாம். பழைய வீக்கத்துக்குள்ளயே மறுபடி ரத்தம் பாஞ்சு, அது பெருசாகிப் பெருசாகி, முதுகுப் பக்கமா வெடிச்சிருக்குது. முன்பக்கமா வெடிச்சிருந்தா ஊட்டுலயே முடிஞ்சிருக்கும்னாங்க. எந்த வயித்தைத் திறக்கப்படாதுன்னு தொடையில ஓட்டை போட்டாங்களோ அதே வயித்தை நெஞ்சுலருந்து அடி வரைக்கும் திறந்தாங்க. உள்ள போட்டதை வெளிய எடுத்தாங்க. ஏழு மணி நேரம். அவளோட ஆஸ்பத்திரிப் புள்ளைக பதினோரு பேரு வரிசையா வந்து ரத்தம் கொடுத்தாங்க.

ஆனா எடது காலுக்கு ரத்தம் போகல. ரத்தக்கட்டி போய் அடைச்சுக்கிச்சாம். எத்தனையோ பார்த்தாங்க. நாலாம் நாள் முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. கிளட்ச் மிதிக்கற கால். கிட்னியும் நின்னு போய் ஒரு மாசம் மெசின் வெச்சாங்க, அப்பறம் தேறிருச்சு. உசுரு தங்கிருச்சு. அதுக்குச் சாமிக்குத்தான் நன்றி சொல்லோணும்.

டாக்டரு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அவளும் பக்கத்துல நிக்கறா. "ஒரு வருஷ ஸ்கேன் இருக்குது. ரெண்டாவது வருஷத்து ஸ்கேன் எங்கம்மா? அப்ப பார்த்திருந்தா எறங்க ஆரம்பிச்சது தெரிஞ்சிருக்கும். மேல இன்னொரு வளையம் வெச்சு நிறுத்தியிருப்பேன். அதுக்கும் தொடை வழியாத்தான் போயிருப்பேன், ரெண்டாம் நாள் ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவ வாயைத் திறப்பா, எல்லாத்தையும் கொட்டுவான்னு பார்த்தேன். அவ தரையைப் பார்த்துட்டு நிக்கறா. ஒரு வார்த்தை சொல்லல. காட்டிக் கொடுக்காம காப்பாத்தினான்னு நீங்க நினைப்பீங்க. அது அப்படி இல்லீங்க. என்னை அவ கைப்பிடிக்குள்ள வெச்சுக்கறதுக்கு அது. எனக்குத் தெரியாதா?

அவருக்கு நெனவு நல்லாத் திரும்பி வார்டுக்கு மாத்தினதுக்கு அப்பறம் டாக்டரு ஒரு நாள் பேச்சு வாக்குல சொல்லிட்டாரு, உங்க மருமக அஞ்சு தடவை டோக்கன் போட்டாங்களே ஐயா, ஏன் வரலைன்னு. அன்னைக்குச் சாயங்காலம் என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாரு.

"அந்தப் புள்ளை நம்ம ஊட்டுக்கு வந்துச்சா?"

"வந்தா."

"எப்ப?"

"புரட்டாசியில."

"என்ன கேட்டுச்சு?"

"ரிப்போர்ட்டு."

சத்தம் போடுவாருன்னு நினைச்சேன். சத்தம் போட்டிருந்தா நான் ரெண்டு பேசியிருப்பேன், அழுதிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவரு மெதுவாச் சொன்னாரு, "முப்பத்தொரு வருஷம், பிரேக்கு செக் பண்ணாம ஒரு நாள் கூட வண்டியை வெளிய எடுத்ததில்ல. அம்பத்தஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க பின்னால. நீ பார்க்காத வண்டிக்குப் பார்த்தாச்சுன்னு எழுதிப் போட்டியே தமயந்தி."

"உங்க நல்லதுக்குத்தான்"னேன். அவரு போர்வையை இழுத்துக்கிட்டாரு.

டிஸ்சார்ஜ் ஆகி நேரா சிங்காநல்லூருக்கு, அதுக்குள்ள மஸ்கட்டுலருந்து திரும்பியிருந்த பையன் ஊட்டுக்குப் போயிட்டாரு. நடை பழக்கோணும், அது பக்கம்னு சொன்னாங்க. சரி, ஒரு மாசம்னு நினைச்சேன். இப்ப ஒண்ணே முக்கால் வருஷம் ஆகுது. கட்டைக்கால் வெச்சு, கைத்தடியோட தெருக்கோடி வரைக்கும் போறாரு. அவ டூட்டிக்குக் கெளம்பறப்ப இவருதான் டிபன் டப்பாவை மூடிக் கொடுக்கறாரு. எங்கூட இருந்தப்ப ஒரு டம்ளரை எடுத்து வெச்சதில்ல. ஜெமி, ஜெமின்னு கூப்பிடறாரு. மொதல்ல பையனைக் கொண்டு போனா. இப்ப புருஷனையும் கொண்டு போயிட்டா. வெளிய சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?

ஊருக்குப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டுப் பார்த்துட்டேன். "நீ வா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு, சாப்பிடு. அங்க வரச் சொல்லி மட்டும் கூப்பிடாதே" அப்படின்னுட்டாரு. கோபமா இல்லீங்க. ரூட்டு மாத்தி விட்டுட்டாங்கன்னு சொல்ற மாதிரி. அவளும் சொல்றா, "நீங்களும் இங்கயே இருந்துக்குங்க அத்தை. அந்த ரூம் உங்களுக்குத்தான்"னு. அவ ஊட்டுல, அவ கையால சாப்பிட்டுட்டு நான் இருக்கோணுமாமா. மாசத்துல ஒரு நாள் போறேன். பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்துருவேன்.

போன மாசம் அவருக்கு மறுபடி ஸ்கேன். இப்பவும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கறாங்க. நானும் கூடப் போனேன். கவுண்டர்ல ஒரு பாரம் கொடுத்தாங்க, துணைக்கு வந்தவங்க கையெழுத்துப் போடோணுமாமா. பேனாவை நான்தான் எடுத்தேன். பொஞ்சாதி நான்தானே. அவரு என்ற கையிலருந்து பாரத்தை வாங்கி, "அந்தப் புள்ளை போடட்டும்"ன்னாரு. அந்தக் கவுண்டர்காரப் பொண்ணு, பின்னால வரிசையில நின்னவங்க, எல்லாரும் பார்த்தாங்க. அவ போடாம என்னையவே பார்த்துட்டு நின்னா. நான் தள்ளிப் போய் பெஞ்சுல உக்காந்துட்டேன். அப்பறம்தான் போட்டா.

இதா, சூலூர் தாண்டிருச்சு. பேச்சுல தெரியவே இல்ல.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது என்னன்னா, இந்த ஓட்டை போடற வைத்தியத்தை நம்பாதீங்க. அதுதான் எங்களைக் கெடுத்துச்சு. பெரிய ஆபரேஷனா மொதல்லயே பண்ணியிருந்தா இந்த வருஷா வருஷம் ஸ்கேனும் இல்ல, போனும் இல்ல, ஒருத்தி வந்து கேட்டைத் தட்டற வேலையும் இல்ல. நீங்க அப்படிப்பட்ட மருமக இல்ல, பார்த்தாலே தெரியுது. ஆனா உங்க மாமியாருகிட்டக் கேட்டுத் தேதி வாங்குங்க. நீங்களா வாங்காதீங்க. மாமியாரு வேண்டாம்னா விட்டுருங்க.

என்னமோ சொல்ல வர்றீங்க. சரி, வேண்டாம். விடுங்க.

எனக்கு ஒரு ஆத்தாமை இருக்குதுங்க, யார்கிட்டயும் சொன்னதில்ல. கால் போனதுலருந்து இன்னைக்கு வரைக்கும் அவ ஒரு தடவை கூட, 'உங்களாலதான்'னு எங்கிட்டச் சொன்னதில்ல. ஜாடையாக் கூட இல்ல. சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். ஒண்ணே முக்கால் வருஷமா அந்தப் பதிலை வெச்சுட்டு இருக்கேன். கத்தரிக்கா அரியறப்ப, தலை சீவறப்ப, பஸ்ஸுல வர்றப்ப, சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கறேன். அவ கேக்கவே மாட்டேங்கறா.

எறங்கலாமுங்க, சிங்காநல்லூர் வந்துருச்சு. உங்க மாமனாரை மொதல்ல எறக்குங்க, படி உயரம். கவரை மறந்துராதீங்க.

அந்தக் கடையோரமா, கொடையைப் புடிச்சுட்டு நிக்கறா பாருங்க, நீலச் சுடிதார்ல. அவதான். வர வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் சொல்றேன். பஸ் எப்ப வந்தாலும் அதுக்கு முன்னாலயே வந்து நிப்பா. அதுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.